வாடகை பாக்கி ஐந்து மாதம்: காலி செய்யச் சொல்லிவிடுவார்களா?

தையல்கடை மகன்:
திருவல்லிக்கேணியில் அப்பாவுக்குச் சின்னத் தையல் கடை. வாடகை 4,500, அட்வான்ஸ் 40,000. 2018-ல் அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது ஐந்து மாதம் வாடகை போகவில்லை. ஓனர் வக்கீல் நோட்டீஸ்கூட அனுப்பாமல் கேஸ் போட்டுவிட்டார். சம்மன் வந்த வாரமே 22,500-க்கு டிடி எடுத்துக் கொடுத்தோம். கேஸ் இன்னும் இழுக்கிறது. அடுத்த வாய்தாவில் அப்பாவுக்குக் குறுக்கு விசாரணை. "பாக்கி வைத்தீர்களா, இல்லையா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

பழைய குமாஸ்தா:
வைத்தேன் என்றே சொல்லட்டும் தம்பி. முப்பது வருஷம் வக்கீல் ஆபீஸில் கேஸ் கட்டு சுமந்தவன் சொல்கிறேன், மழுப்பினால்தான் வம்பு.

புதிய வாடகைச் சட்டம் 22.2.2019-ல் அமலுக்கு வந்தது. உங்கள் கேஸ் அதற்கு முந்தையது, அதனால் 1960-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான். அதில் பாக்கி இருந்தால் மட்டும் போதாது, வேண்டுமென்றே வைத்த பாக்கியாக இருக்க வேண்டும். நீதிபதி கருணை காட்ட இடமிருப்பது அந்த ஒரு வார்த்தையில்தான். வேண்டுமென்றே இல்லை என்று பட்டால், 15 நாளுக்கு மிகாமல் அவகாசம் தந்து, பணம் கட்டியதும் மனுவைத் தள்ளிவிடலாம். ஓனர் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் தாண்டியிருந்தால் வேண்டுமென்றே என்றுதான் கொள்வார்கள். நோட்டீஸே இல்லாதபோது நிலைமையைப் பார்த்து நீதிபதி முடிவெடுக்கலாம் என்பது 1985-ல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓனரின் அவசரம் உங்களுக்கு லாபம்.

அப்புறம் அந்த அட்வான்ஸ். பழைய சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மீதி 35,500 ஓனர் கையில் இருக்கும்போது 22,500 பாக்கி என்பது எப்படி? 1996-ல் நரசிம்ம ராவ் வழக்கில் இதே வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபட்டது. ரசீது இருக்கிறதா?

மாடிவீட்டுக்காரர்:
எல்லோரும் குடியிருப்பவர் பக்கமே பேசுங்கள். என் அம்மா இரண்டு போர்ஷன் வாடகையில்தான் மாத்திரை வாங்குகிறார். ஐந்து மாதம் வராவிட்டால் அவர் எங்கே போவார்?

பழைய குமாஸ்தா:
நியாயம்தான் சார். அதனால்தான் கேஸ் நடக்கும்போது வாடகை நின்றால் சட்டம் இரக்கம் பார்ப்பதில்லை. எங்களிடம் ஒரு பாத்திரக்கடைக்காரர் வந்தார். ஓனர் வாங்க மறுத்த மணியார்டர் ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டு மஞ்சள் பையில் கொண்டுவருவார். நல்ல கேஸ். நடுவில், மகள் கல்யாணச் செலவில், மூன்று மாதம் கட்டவில்லை. கேஸ் நடக்கும்போது வாடகை கட்டவில்லை என்று, அதே சட்டத்தின் பதினோராம் பிரிவில் ஓனர் தரப்பு மனு போட்டது. கட்டச் சொன்ன தேதியும் போயிற்று; தக்க காரணமும் காட்ட முடியவில்லை. மெயின் கேஸுக்குள் போகாமலேயே காலி செய்ய உத்தரவு. அந்தப் பையை அவர் எங்கள் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார்.

தம்பி, நடப்பு வாடகை சுத்தமாக இருக்கிறதா?

தையல்கடை மகன்:
மாதாமாதம் பேங்கில் போடுகிறோம் ஐயா, தவறவில்லை. அட்வான்ஸ் ரசீது மெஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் கிடைத்தது. எண்ணெய்க் கறை, ஆனால் தொகையும் கையெழுத்தும் தெரிகின்றன. கோர்ட்டில் இதுவரை கொடுக்கவில்லை.

பழைய குமாஸ்தா:
ஓனர் மனுவுக்குப் பதிலாக நீங்கள் தாக்கல் செய்த எதிருரையில் அட்வான்ஸ் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று இன்றே வக்கீலிடம் கேளுங்கள். இருந்தால், ரசீதைக் கூடுதல் ஆவணமாக ஏற்கச் சொல்லி மனு போடச் சொல்லுங்கள், குறுக்கு விசாரணைக்கு முன்னாலேயே. கறையைத் துடைக்கிறேன் என்று எதுவும் செய்துவிடாதீர்கள்.