தண்டவாளத்துக்குத் தரை வரும் வேலைக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

ரயில் சிமுலேட்டரில் (கணினியில் ரயில் ஓட்டும் மென்பொருளில்) சொந்தமாகப் பாதை கட்டுவோருக்கான தமிழ்க் குறிப்பில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும். தண்டவாளத்தைப் போட்டு முடித்த பிறகு, அடியில் இருக்கும் தரையை அதன் மட்டத்துக்குக் கொண்டுவரும் கட்டளைக்குத் ‘தரைப்பொருத்தம்’ என்று போட்டிருக்கிறோம். எது எதற்குப் பொருந்துகிறது என்பதை இந்தச் சொல் சொல்லவில்லை. தண்டவாளத்தைத் தரையில் படியவிடுவதுதான் இது என்று புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பாதை கெடுவது அங்கேதான்.

திருநெல்வேலி – திருச்செந்தூர் பாதையையே எடுத்துக்கொள்வோம். பாதையின் கோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து வருகிறது, தரையின் உயரம் எஸ்.ஆர்.டி.எம். கோப்பிலிருந்து, அதாவது விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த உயரத் தரவிலிருந்து வருகிறது. ஒரு கோப்பு ஒரு பாகைச் சதுரம். திருநெல்வேலி 77ஆம் பாகைத் தீர்க்கரேகைக் கோப்பில் இருக்கிறது, திருச்செந்தூர் 78ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே இரண்டு கோப்பும் வேண்டும். கோப்பில் உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும். புள்ளிக்குப் புள்ளி சுமார் 30 மீட்டர். பக்கத்துப் புள்ளி ஒரே ஒரு மீட்டர் கூடினாலும் அது 30க்கு 1 ஏற்றம். சமவெளியில் எந்த ரயில்பாதையும் அப்படி ஏறாது. போதாததற்கு, 2000 பிப்ரவரியில் மேலிருந்து அளந்த அந்த ரேடார் தென்னந்தோப்பின் தலையையும் பல இடங்களில் தரைக் கணக்கில் சேர்த்துவிட்டது. ஆழ்வார்திருநகரி பக்கம் தண்டவாளத்தை அந்தத் தரையில் படியவிட்டால், தோப்புக்குத் தோப்பு எஞ்சின் சக்கரம் வழுக்கும்.

முதலில் தண்டவாளத்தின் மட்டத்தை முடிவு செய்ய வேண்டும். நிலையப் பெயர்ப்பலகையின் அடியில் கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். அந்த உயரங்களை நிலையத்துக்கு நிலையம் இணைத்து, பாதையோரச் சரிவுப் பலகைகளோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். தரைக்குக் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

இதற்கு என் பரிந்துரை ‘மண்ணணைப்பு’. வாழைக்கு மண் அணைக்கிறோம் அல்லவா? வாழை நின்ற இடத்தில் நிற்கும், மண்தான் அதனிடம் வரும். எது அசைகிறது, எது அசையவில்லை என்பது சொல்லிலேயே இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் யாருக்கும் விளக்கவும் வேண்டாம்.

*

அண்ணாச்சி, வணக்கம்.

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் கட்டளை செய்யும் வேலையில் பாதிக்குத்தான் அது பொருந்தும். செங்கோட்டைக்கு மேற்கே, பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவுக் குகைக்குப் போகும் வழியில் மலையை வெட்டித்தான் பாதை போட்டிருக்கிறார்கள். அங்கே இதே கட்டளை மண்ணை எடுக்கிறது, அணைக்கவில்லை. வெட்டுக்கும் ‘அணைப்பு’ என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார்.

வயலில் பரம்படிப்பதை நினைத்துப் பார்த்தேன். பரம்பு மேட்டில் எடுத்துப் பள்ளத்தில் போடுகிறது, இரண்டு வேலையும் அதில் வந்துவிடுகிறது. ஆனால் பரம்படித்த வயல் தண்ணீர் மட்டமாக இருக்கும். நம் தரையோ தண்டவாளத்தோடு சேர்ந்து சரிய வேண்டும். அதனால் அதுவும் ஒத்துவரவில்லை.

எந்தச் சொல் வந்தாலும், கட்டளையை எங்கே ஓட்டக் கூடாது என்பதைக் குறிப்பில் அதன் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் உள்ள தாமிரபரணிப் பாலத்தின் மேல் ஓட்டினால், ஆற்றுக்குக் குறுக்கே மண் எழும்பி அணை கட்டிவிடும். குகையின் மேல் ஓட்டினால் மலை உச்சி வரை பிளந்துவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாலம், குகை என்ற குறிகள் கோட்டிலேயே இருக்கும். அந்த இடங்களில் தண்டவாளத் துண்டை நறுக்கி, இரு முனைக்கு இடைப்பட்டதை விட்டுவிட வேண்டும். குளத்துத் தண்ணீர் போகும் சிறுபாலங்கள் பலவற்றுக்கு வரைபடத்தில் குறியே இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் வாய்க்கால் பாதையைக் கடக்கும் இடங்களைக் கண்ணால் தேடிப் போட வேண்டும்.

கைப்பேசி உயரத்தைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். சில செயலிகள் கடல்மட்டக் கணக்கில் திருத்தாமல் ஜி.பி.எஸ். உயரத்தை அப்படியே காட்டும். நம் பக்கத்தில் அந்த வித்தியாசம் 90 மீட்டருக்கும் மேல். திருச்செந்தூர்க் கடற்கரையே கடலுக்கு அடியில் கிடப்பதாகக் காட்டும். எஸ்.ஆர்.டி.எம். உயரம் கடல்மட்டக் கணக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் கலக்கக் கூடாது.

*

தம்பி சொல்வது சரி. வெட்டை நான் விட்டுவிட்டேன்.

இரண்டையும் அடக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: மண்வேலை. பொதுப்பணித்துறை மதிப்பீட்டிலும் சரி, நூறுநாள் வேலையிலும் சரி, வெட்டுவதும் கொட்டுவதும் மண்வேலைதான். கட்டளைக்குத் ‘தட மண்வேலை’ என்றே பெயர் வைக்கலாம். அதற்குள் உயர்த்தினால் ‘அணைப்பு’, தாழ்த்தினால் ‘வெட்டு’.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இரண்டிலும் வரும் பிழை வேறு வேறு. ஓப்பன் ரெயில்ஸ் சிமுலேட்டரில் தரைப்புள்ளிகள் 8 மீட்டருக்கு ஒன்று. ஒற்றைப் பாதையைத் தாங்கும் மண்கரையின் மேல்தளம் சுமார் 7 மீட்டர் அகலம். 3 மீட்டர் உயரக் கரைக்கு, ஒன்றுக்கு இரண்டு சரிவில் அடிப்பகுதியின் அகலம் 19 மீட்டர். குறுக்கே இரண்டு மூன்று புள்ளிதான் விழும். தண்டவாளம் கட்டங்களைக் கோணலாகக் கடக்கும் இடத்தில் ஒரு புள்ளி மேல்தளத்தில் விழும், அடுத்தது சரிவில் விழும். கரையின் விளிம்பு ரம்பப் பல் போல ஆகி, ஜல்லி அந்தரத்தில் நிற்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் கரை அரித்துத் தண்டவாளம் தொங்கிய படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். கட்டத்தின் மூலைவிட்டம் 11.3 மீட்டர். அரை மேல்தளம் 3.5 மீட்டரைக் கூட்டினால் 14.8. நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 15 மீட்டர் அகலம் கொடுத்தால் தொங்கல் நிற்கும். ஆனால் கரை 30 மீட்டர் அகலத்துக்கு மைதானம் போலக் கிடக்கும். வயலுக்கு நடுவே அது கண்ணை உறுத்தும். என் கருத்தில், அகலத்தைக் குறைத்து, தரையைத் தண்டவாளத்துக்கு 30 சென்டிமீட்டர் தாழ்த்தி, ஓரத்தில் தனியாகக் கரைத் துண்டு மாடல்களை வைப்பதே நல்லது. வேலை கூடும், ஆனால் பார்க்க உண்மையான கரையாக இருக்கும்.

வெட்டில் பிழை எதிர்ப்பக்கம் வரும். பாறைச் சுவர் செங்குத்தாக நிற்க வேண்டும், 8 மீட்டர் கட்டம் அதைச் சாய்த்துவிடும். சாய்ந்த தரை தண்டவாளத்தின் மேல் ஏறிவரும். அங்கே அகலத்தைக் கூட்டி, சுவருக்குப் பாறை மாடல் வைக்க வேண்டும்.

தண்டவாளத்தைத் தரையில் படியவிடும் கட்டளைக்குத் ‘தரைதழுவல்’ என்று தனிச்சொல் வேண்டும். அதைத் தப்பு என்று ஒதுக்க முடியாது. ஊர்ச்சாலை, வேலி, வண்டித்தடம் எல்லாம் தரையைத் தழுவித்தான் போகின்றன. ரயில்பாதைக்கு மட்டும்தான் அது ஆகாது.

*

அண்ணாச்சி, இதையே எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் இப்படி எழுதியிருக்கிறேன்:

தட மண்வேலை: தண்டவாளத்தின் மட்டம் மாறாமல், தரையை அதனிடம் கொண்டுவருதல். உயர்த்துவது அணைப்பு, தாழ்த்துவது வெட்டு. பாலத்திலும் குகையிலும் செய்யக் கூடாது.

தரைதழுவல்: சாலை, வேலி முதலியவற்றைத் தரையின் மேடுபள்ளத்தோடு படியவிடுதல். தண்டவாளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

‘தரைப்பொருத்தம்’ வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். சில இடத்தில் அது முதலாவதைக் குறிக்கிறது, சில இடத்தில் இரண்டாவதை. மொத்தமாகத் தேடி மாற்றிவிட வேண்டாம்.