அமெரிக்காவில் லேபர் டேக்கு (தொழிலாளர் தினம்) அப்புறம் வெள்ளை உடுத்தி யாரிடமாவது பேச்சு வாங்கியிருக்கிறீர்களா?

நியூ ஜெர்சியிலிருந்து:

வந்த முதல் வருஷம், செப்டம்பர் நடுவில் வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். பக்கத்து சீட் அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லேபர் டே முடிஞ்சு போச்சே!" என்றார். விடுமுறைக்கும் பேண்ட்டுக்கும் என்ன சம்பந்தமென்று அன்றைக்கு விளங்கவில்லை. செப்டம்பர் முதல் திங்களான லேபர் டேயோடு வெள்ளையை மடித்து உள்ளே வைத்துவிட வேண்டுமாம். மே கடைசித் திங்கள், மெமோரியல் டேக்குத்தான் திரும்ப எடுக்கலாமாம். ஏசி இல்லாத காலத்தில் நியூபோர்ட் மாதிரி கடலோர ஊர்களில் கோடையைக் கழித்த பணக்காரர்கள், நகரம் திரும்பியதும் வெள்ளையை விட்டு அடர் நிறத்துக்கு மாறியதில் வந்த வழக்கம் என்கிறார்கள். தொப்பிக்கும் இப்படித்தான். செப்டம்பர் 15 தாண்டினால் வைக்கோல் தொப்பி ஆகாது என்றிருந்த நியூயார்க்கில், 1922-ல் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே இளவட்டங்கள் தொப்பிகளைப் பிடுங்கி மிதிக்க, அது பல நாள் கலவரமானது.

அட்லாண்டாவிலிருந்து:

பேச்சு வாங்கியது நானில்லை, என் அம்மா. நாங்கள் ஈரோட்டுப் பக்கம். அப்பா தவறியதிலிருந்து பதினொரு வருஷமாக அம்மாவுக்கு வெள்ளைச் சேலைதான். கல்யாண வீடுகளில் தூணோரமாகத்தான் உட்காருவார்.

ஜூலையில் எங்களிடம் வந்தார். செப்டம்பரில் ஒரு சாயங்காலம், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எதிர்வீட்டுப் பாட்டி அம்மாவின் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப அழகு ஹனி, ஆனா லேபர் டே போயிடுச்சே" என்று சிரித்தார். ஈஸ்டருக்கு முன்னால் வெள்ளை ஷூவைத் தொடக்கூட அந்தப் பாட்டியின் அம்மா விடமாட்டாராம்.

"என்ன கண்ணு சொல்லுது அந்தம்மா?"

மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. "செப்டம்பர் வந்துட்டா இங்க வெள்ளை உடுத்தக் கூடாதாம்மா. கலர்தான் கட்டணுமாம்."

அம்மா பேசவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நடந்து வந்தார். ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் கேட்டார்.

"மறுக்கா எப்பக் கண்ணு வெள்ளை கட்டலாம்?"

"மே மாசக் கடைசியில."

"அதுக்குள்ள நான் ஊருக்கே போயிருவனே."

காலையில் என் அலமாரி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். மாம்பழ மஞ்சளைத் தொட்டார், விட்டுவிட்டார். வெளிர் பச்சைச் சுங்குடி ஒன்றை உருவினார். கொசுவம் எடுக்கையில் கை நடுங்கியது, நான்தான் பிடித்துவிட்டேன்.

இப்போது இந்த விதியைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை, டிசம்பரிலும் கடைகளில் வெள்ளைக் கோட்டு தொங்குகிறது. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை.

டிசம்பரில் விமானம் ஏறுகிற அன்று திரும்ப வெள்ளை. சுங்குடியைத் துவைத்து மடித்து என் அலமாரியில் வைத்தார். "எடுத்துட்டுப் போங்கம்மா" என்றேன்.

"இங்கேயே இருக்கட்டும் கண்ணு."