புதுப்பிப்பு: 15 லீற்றர் தொட்டியின் அடியில் இப்போது இறால்கள்

கல்லடியில் என் மேசையிலுள்ள 15 லீற்றர் நன்னீர்த் தொட்டியின் அடித்தளத்தில் எதை வளர்க்கலாம் என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். ஆறேனும் கூட்டமாக வாழவேண்டிய, மணலைக் கிளறி இரைதேடும் கொரிடோராஸ் மீன்களுக்கு இந்தத் தரை போதவே போதாது என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். அயிரையும் அப்படித்தான்.

ஆறு வாரம் தொட்டியைப் பதப்படுத்தி, அதாவது கழிவைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் பெருக விட்டு, கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று உறுதியான பிறகே எட்டு செர்ரி இறால்களை விட்டேன். செம்பு அவற்றுக்கு நஞ்சு. ஆகவே செம்பு கலந்த மீன் மருந்துகளைத் தொடுவதில்லை.

நேற்று ஒரு பெண் இறால், வயிற்றடியில் சுமந்த மஞ்சள் முட்டைகளை நீந்துகால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்ததை நெடுநேரம் பார்த்திருந்தேன். குஞ்சுகள் இழுபட்டுவிடாதபடி வடிகட்டியின் உறிஞ்சுகுழாயில் பஞ்சு கட்டிவிட்டேன்.