மக்கும் தட்டா, கழுவும் தட்டா? ஐந்து வயதுக் குழந்தையின் பிறந்தநாள் குறித்து ஒரு விவாதம்

தூறல்:
எங்கள் மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது நிறைகிறது. வகுப்புத் தோழர்கள் இருபது பேரை அழைத்து, குப்பை சேராதபடி விழா நடத்த எண்ணி, மக்கும் தட்டு, மக்கும் கரண்டி, ரப்பர் பலூன், வருபவர்களுக்குக் கொடுக்க இருபது பருத்திப் பை என்று பட்டியல் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்த என் கணவர், "சாதாரண விழாவுக்கு வாங்குவதைவிட அதிகமாக அல்லவா வாங்குகிறோம்" என்கிறார். யார் பக்கம் நியாயம்?

மண்புழு:
உங்கள் கணவர் பக்கம்தான். மக்கும் என்ற முத்திரையோடு வரும் கரண்டிகளில் பல, பயிர்களின் மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் வாரக்கணக்கில் நீடிக்கும் உரக்கூடங்களில்தான் அது ஒழுங்காக மக்கும். வீட்டு உரத்தொட்டியில் அவ்வளவு சூடு நிலைப்பதில்லை. ரப்பர் பலூனும் அப்படித்தான். மரத்துப் பாலிலிருந்து வருவது உண்மையே என்றாலும், கந்தகம், சாயம் எனப் பலவும் சேர்ந்த பிறகே அது பலூன் ஆகிறது. சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு பூந்தொட்டியில் ஒன்றைப் புதைத்து வைத்தேன். ஓராண்டு கழித்துத் தோண்டியபோது நிறம் வெளுத்திருந்தது. போட்ட முடிச்சு அவிழவில்லை, இழுத்தால் நீண்டது. கழுவிப் பயன்படுத்தும் தட்டுகளை இரவல் வாங்குங்கள்.

இரட்டையரின் அம்மா:
இருபது தட்டு, இருபது குவளை, இருபது கரண்டி ஆகியவற்றை விழா முடிந்த இரவில் யார் கழுவுவார் என்பதை மண்புழு சொல்லாமல் விட்டுவிட்டார். இத்தகைய ஆலோசனைகளின் சுமை பெரும்பாலும் பாத்திரம் துலக்குபவர் தலையில்தான் விழுகிறது; அறிவுரை கூறியவர் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். மேலும், ஆண்டுக்கு ஒரு நாள் ஊதும் பத்துப் பலூன்களைவிட, இருபது குடும்பங்கள் தனித்தனியே வண்டியில் வந்து போவது கூடுதல் புகையைக் கிளப்பாதா? அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பெற்றோரின் கொள்கைக்காகக் குழந்தையின் பலூனைப் பிடுங்குவது எனக்கு உவப்பாக இல்லை.

மண்புழு:
பாத்திர விஷயத்தில் தாங்கள் கேட்பது நியாயமே; நான் யோசிக்காமல்தான் எழுதினேன். பலூனில் மட்டும் இறங்கி வர மாட்டேன். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, கடற்பறவைகள் விழுங்கிய குப்பைகளை ஆராய்ந்து, கெட்டியான பிளாஸ்டிக்கைவிடப் பலூன் துண்டை விழுங்கிய பறவை இறக்கும் வாய்ப்பு 32 மடங்கு அதிகம் என்று கண்டது. மென்மையான துண்டு குடலில் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடுகிறது.

இரட்டையரின் அம்மா:
அது வானில் பறக்கவிடும் பலூனுக்குப் பொருந்தும். அறைக்குள் கட்டிய பலூனை எண்ணிக் கட்டி, எண்ணி அவிழ்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டால், அது எந்தப் பறவையின் வாய்க்குப் போகும்?

கணக்கர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எண்ணி அவிழ்ப்பது வேறொரு காரணத்துக்காகவும் அவசியம்: எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய ஆபத்து. ஆனால் நான் பேச வந்தது பருத்திப் பையைப் பற்றி. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு சாதாரண பருத்திப் பை மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டால் 52 முறையும், ஓசோன் படலச் சிதைவு உள்ளிட்ட எல்லா அளவுகோல்களையும் பார்த்தால் 7,100 முறையும் பயன்பட வேண்டும். குழந்தையின் பெயர் அச்சிட்ட பையை அடுத்த வீட்டுக்காரர் ஐம்பது முறை தூக்கிச் செல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. (எங்கள் வீட்டு அலமாரியில் அப்படிப்பட்ட பைகள் பதினொன்று மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன.) தூறல் அம்மா, பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது அதைத்தான்.

தூறல்:
அடித்துவிட்டேன். ஒவ்வொரு குழந்தையும் தன் தட்டையும் குவளையையும் கொண்டுவர வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதப்போகிறோம். எடுத்துவர மறந்தவர்களுக்கு நாங்கள் தரும் தட்டுகளைக் கழுவும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார். நெருங்கி வசிப்பவர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் வரும்படியும் கேட்போம். பலூனைப் பற்றி மகளிடமே கேட்டேன். மஞ்சளில் ஒன்று இருந்தால் போதும் என்கிறாள்.

இரட்டையரின் அம்மா:
அவளுக்கு ஒன்று போதும். அந்த ஒன்றுக்காக மற்ற பத்தொன்பது பேர் அழப்போவதை நினைத்துப் பார்த்தீர்களா?

தூறல்:
வரப்போகிறவர்கள் இருபது பேர், என் மகளைச் சேர்க்காமல். இருபது பேரும் அழுவார்கள். அதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.