18 அங்குல அலாய் வீலுக்கு எந்த டயர் அளவு?

அஸ்தம்பட்டி வாசகர்:
என் எஸ்யூவியில் 215/60 ஆர்17 டயர்கள் உள்ளன. 18 அங்குல அலாய் வீலுக்கு 225/55 ஆர்18 போடலாம் என்கிறார் கடைக்காரர். வாரந்தோறும் ஏற்காடு செல்பவன் நான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் டயர் உரசாதா?

மறுமொழி, ஏற்காடு:
ஐயா, மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள். பக்கச்சுவரின் உயரம், டயரின் அகலமான 215 மி.மீ.-இல் 60 விழுக்காடு, அதாவது 129 மி.மீ.; அதை இரட்டித்து, 17 அங்குலத்துக்குரிய 431.8-ஐக் கூட்டினால் 689.8 மி.மீ. வரும். கடைக்காரர் சொன்ன அளவு 704.7, இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல் பெரியது என்பதால், வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். 215/55 ஆர்18 என்றால் 693.7 மட்டுமே, நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

மறுமொழி, சூரமங்கலம்:
விட்டம் பொருந்தினாலும் வீலின் ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் பரப்புக்கும் இடையிலான தூரம்) மாறினால், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள் ஃபெண்டரிலோ சஸ்பென்ஷனிலோ உரசலாம். ஆகவே ஒரு வீலை மாட்டி, இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள். டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமைக் குறியீடு பழைய டயரினுடையதைவிடக் குறையவே கூடாது.

அஸ்தம்பட்டி வாசகர்:
நன்றி. 215/55 ஆர்18 போட்டால் பக்கச்சுவர் 11 மி.மீ. குறைவதால் பள்ளங்களில் அதிர்வு கூடுமே?

மறுமொழி, ஏற்காடு:
கூடும். அழகுக்கான விலை அது. நான் 17 அங்குலத்திலேயே நின்றுவிட்டேன்.