புதுப்பிப்பு: நெஞ்சு திடீரெண்டு ஓடுறது

போன மாசம், மாங்குளம் தாண்டி பஸ்ஸில வரேக்க நெஞ்சு நிமிசத்துக்கு 180 தரம் அடிச்சு ஓடினதையும், பிறகு தனிய வெளிக்கிடவே பயந்ததையும் எழுதியிருந்தன். கனபேர் விசாரிச்சதால இது.

24 மணித்தியாலம் ஹோல்டர் எண்ட, நெஞ்சுத் துடிப்பைப் பதியிற சின்னக் கருவி பூட்டிப் பார்த்தவை. எஸ்.வி.டி.யாம், நெஞ்சு திடீரெண்டு வேகமா அடிக்கிற வருத்தம். நெஞ்சுக்குள்ள ஓடுற மின்சாரத்தில குழப்பம்தான், ரத்தக்குழாய் அடைப்பு இல்லை. வந்தா, 10 மில்லிலீற்றர் சிரிஞ்சுக்குள்ள 15 செக்கன் முக்கி ஊதி, உடனே மல்லாந்து படுத்து, இன்னொராள் காலை 45 பாகைக்கு 15 செக்கன் தூக்கிப் பிடிக்கோணும் எண்டு டொக்டர் காட்டித் தந்தவர். எல்லாருக்கும் நிக்காதாம். எனக்கு ஒருக்கா நிண்டது, கிணத்தடியில. காலைப் பிடிச்ச அம்மாவுக்குத்தான் கை நடுங்கினது, "எண்ணடி பிள்ளை, எண்ணு" எண்டுகொண்டு.

மயக்கம், நெஞ்சுநோ எண்டா ஊதிக்கொண்டிராமல் 1990 அம்புலன்சுக்கு அடிக்கிறது.

பயம் போகேல்ல. நேற்று கிளிநொச்சிச் சந்தைக்குத் தனியப் போனன், சிரிஞ்ச் கைப்பைக்குள்ள. முருங்கைக்காய் சரியான விலை.