காரைக்குடி – கொச்சி: ஆட்டம் முடிந்து அன்று இரவே திரும்ப எந்த வழி?

கேரளா பக்கம் அடிக்கடி வண்டி ஓட்டும் அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். ஞாயிறு இரவு 7.30க்கு கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து ஆட்டம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போவதில் சிக்கல் இல்லை, திரும்புவதில்தான். திங்கள் சாயங்காலம் காரைக்குடி பக்கத்தில் பள்ளத்தூரில் சொந்தத்தில் கல்யாணம். தலை காட்டாவிட்டால் ஆச்சி வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

வேளாங்கண்ணி – எர்ணாகுளம் ரயில் காரைக்குடி வழியாகத்தான் போகிறது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள்தான், திரும்பும் நேரம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. மதுரை வரும் ஆம்னி பஸ்களில் சேர்ந்தாற்போல் இடம் இல்லை. வேன்காரர் ஒருவர் சரி என்று சொல்லிவிட்டு, இரவில் மலை இறங்கணும் என்றதும் பின்வாங்கிவிட்டார்.

அதனால் எங்கள் எர்டிகா கார்தான். பெரியப்பாவையும் சேர்த்து ஐந்து பேர், ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இருவருமே இரவில் மலைப்பாதையில் ஓட்டியதில்லை. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, வளைவு அதிகமானால் வாந்தியும் வரும். ஆனாலும் கேரளா ரசிகர்களின் மஞ்சள் கடலுக்கு நடுவே நம்ம சென்னை அணியின் நீலச்சட்டையோடு உட்கார்ந்தே தீருவேன் என்கிறார்!

மூணாறு, போடிமெட்டு, தேனி வழி தூரம் குறைவு, ஆனால் முழுக்க வளைவு. திருச்சூர், பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி வழி சுற்று, ஆனால் பெரும்பாலும் சமதளம். கலூரிலிருந்து இரவு பத்தரைக்குக் கிளம்பினால், திங்கள் மதியத்துக்குள் காரைக்குடி சேர இந்த இரண்டில் எதில் வருவது நல்லது?